பார்க்க வந்தவர்களை உட்கார வைத்தோம்

போன மாதம் எங்கள் பழைய பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சுகள். நான் பல வருஷம் செய்த வேலையை இப்போது அவர்கள் செய்கிறார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன், கால்கள் வாங்கவில்லை. அவர்களை உட்கார வைத்துவிட்டு நான் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் பேசினேன்.

அவர்கள் கையில் புதுப் படிவம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் ஏற்ற வசதியாக எல்லாம் கட்டம் கட்டமாக. மறதி நோய்க்கென்று தனிப் பக்கம். பெயர் சொல்கிறாரா, கிழமை தெரிகிறதா, தானாகச் சாப்பிடுகிறாரா என்று வரிசையாகக் கேள்விகள். அடியில் ஒரே ஒரு கட்டம்: ‘பராமரிப்பவர், உறவுமுறை.’ அதில் ஒரு பெண் ‘மருமகள்’ என்று எழுதியிருந்தாள். பக்கம் முடிந்தது.

“இவ்ளோதானாம்மா?” என்றேன்.

“வேற இன்னா மேடம் எழுதறது?”

நல்ல கேள்வி. வாயால் பதில் சொல்ல அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். வேலூரில் நர்சிங் படித்தேன், வார்டில் இரண்டு வருஷம் நின்றேன். நான்கு சுவருக்குள் நிற்க எனக்கு மூச்சு முட்டியது. வெளியே போய்ப் பார்க்கும் பிரிவுக்கு ஆள் கேட்டபோது முதல் கை என்னுடையது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அங்கே எனக்கு மேலே இருந்தவர் பிரமிளா மேடம்.

மேடம் குள்ளம். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், கொண்டையில் செருகிய பென்சில். ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வாசலில் செருப்பைச் சுவரோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல்தான் பையை வைக்க வேண்டும். பையிலிருந்து முதலில் வெளியே வருவது சோப்பும் துண்டும். கை கழுவத் தண்ணீர் அந்த வீட்டில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து பாட்டிலில் கொண்டுபோகலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

“தண்ணி கேட்டா அடுப்படி வரைக்கும் போலாம். அடுப்படியப் பார்த்தா வீடு தெரிஞ்சிடும்,” என்றார். அவர் சொன்ன நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

இன்னொன்றும் உண்டு. “உக்காந்திருக்கிறவரு யாருன்னு டாக்டரு சொல்லிடுவாரு. நிக்கிறது யாருன்னு நீ பாரு.” எந்த வீட்டிலும் ஒருத்தர் நின்றுகொண்டிருப்பார். கதவு நிலையில் சாய்ந்து, கையில் ஒரு துணியோடு, காது பாதி அடுப்பில் இருக்க. பெரும்பாலும் மருமகள், சில வீட்டில் மனைவி, அபூர்வமாக ஒரு மகன். நோயாளிக்கு ஆஸ்பத்திரியின் வெள்ளை அட்டை. நிற்பவருக்கு மேடம் தானே வெட்டி வைத்திருந்த மஞ்சள் அட்டை. எடை, ரத்த அழுத்தம், தூக்கம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி:

“கடைசியா எப்போ சூடா டீ குடிச்சே?”

சிலர் சிரிப்பார்கள். சிலர் யோசிப்பார்கள். ஆற்காட்டில் ஒரு அம்மா, கணவருக்கு மறதி நோய் வந்து நான்கு வருஷம் ஆனவர், இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மேடம் தானே எழுந்துபோய் அந்த அடுப்பில் டீ போட்டு எடுத்துவந்து கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த நான்தான் சாபிராவின் விஷயத்தில் தப்புச் செய்தேன்.

சாபிரா ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரித் தெருக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தாள். முப்பத்தெட்டு வயசு. முன்பு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். மாமனாருக்காக வேலையை விட்டாள். கணவர் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். மாமனார் கரீம் பாய், டேனரியில் தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிக்கும் மேஸ்திரியாக இருந்தவர். எல்லாம் மறந்த பிறகும் விரல் மறக்கவில்லை. நான் முதல் தடவை போனபோது என் பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு பக்கமும் தடவினார்.

“எவன் குடுத்தான் இத உனக்கு?”

“ஆஸ்பத்திரில குடுத்தாங்க பாய்.”

“பிளாஸ்டிக்கு. ஏமாத்திட்டானுங்க,” என்று வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

அவரைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, டேனரியில் சங்கு ஊதினால் வேலைக்கு என்று கிளம்புகிறவரைத் திருப்புவது, எல்லாவற்றுக்கும் ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். சாபிரா அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தாள். கம்பெனியில் தையல் நூல் விலகாமல் தைத்த கை அல்லவா. கஞ்சிக்கு எந்தக் கிண்ணம், தம்ளர் எந்தப் பக்கம், குளிக்கும்போது எந்தத் தோளில் முதல் தண்ணீர் என்று எல்லாம் சரியாக நடந்தது. கிழவர் எடை கூடினார். முதுகில் ஒரு புண் இல்லை. நான் பூரித்துப்போனேன்.

பூரிப்பை மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவள் நாத்தனார் பர்வீன், அக்கம்பக்கத்தார், ஞாயிற்றுக்கிழமை வந்த கணவர், எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “சாபிரா மாதிரி யாராலயும் பாக்க முடியாது. இவ இல்லன்னா பாய் இல்ல.” வேலூரிலிருந்து பத்து நர்சிங் மாணவிகளை அழைத்துப்போய் அவள் வீட்டைக் காட்டினேன். பத்துப் பேருக்கும் அவள் டீ போட்டாள். அவளுடைய மஞ்சள் அட்டையில் மாதாமாதம் ஒரே வார்த்தை எழுதினேன்: ‘நலம்.’ முகம் மலர்ந்து எதிரே நிற்பவளிடம் என்ன சோதிப்பது?

ஒருநாள் பிரமிளா மேடம் கூட வந்தார். தாள் விரித்தோம், கை கழுவினோம். கரீம் பாய் மேடத்தின் கடிகார வாரைத் தடவி, “நல்ல தோலு. கன்னுக்குட்டி,” என்று தலையாட்டினார். நான் பெருமையோடு சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினேன். மேடம் அதைப் பார்க்கவில்லை. சாபிராவைப் பார்த்தார். பக்கத்தில் போய், கட்டைவிரலால் அவள் கீழ் இமையை மெல்ல இழுத்தார்.

உள்ளே சிவப்பே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது.

“எத்தன மாசமா ஜாஸ்தியா போவுது?” என்று கேட்டார்.

சாபிரா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “ஒரு வருஷம் இருக்கும் மேடம்.”

பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்த அளவு ஆறுக்கு இறங்கியிருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. வேலூருக்கு அழைத்துவந்து காட்டியபோது டாக்டர் சொன்னதை நானே அவளுக்கு எளிமையாகச் சொன்னேன்: ரத்தம் ஏற்றி உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து.

“முடியாது சிஸ்டர்.”

“ஏன் முடியாது?”

“மாமாவ யாரு பாக்கறது? நீங்கதான சொன்னீங்க, என்ன மாதிரி யாராலயும் முடியாதுன்னு.”

கோபமாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது.

அன்று மேடம் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடி செருகினார். “நீ போட்ட பூட்டு எஸ்தர். நீயே தொற,” என்றார். போய்விட்டார்.

முதலில் பர்வீனிடம் போனேன். இரண்டு தெரு தள்ளி வீடு. அப்பாவைப் பார்க்க ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, அரை மணி நேரம் இருந்து, நாலு யோசனை சொல்லிவிட்டுப் போகிற மகள்.

“எனக்கு எதுவும் தெரியாது சிஸ்டர். பாபிதான் எக்ஸ்பர்ட்டு. நான் தொட்டா வாப்பாவுக்கு எதுனா ஆய்டும்,” என்றாள். அண்ணியை அவள் பாபி என்றுதான் கூப்பிடுவாள். சாபிராவின் கணவரைக் கேட்டேன். “பத்து நாள் லீவா? கம்பெனில பேஜாராய்டும் சிஸ்டர்,” என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் என் பேச்சை நம்பியிருந்தார்கள்.

வழி தெரியாமல் ஒருநாள் மத்தியானம் சாபிரா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்போது பார்த்தேன். ஆள் வந்தார்கள். ஒருவர் போனால் இருவர். நோயாளியைப் போய்ப் பார்ப்பது அவர்கள் மார்க்கத்தில் கடமை, நன்மை. யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. சாத்துக்குடி, ரஸ்க், பன். வந்தவர் பாயின் கையைப் பிடிப்பார், “இன்னா பாய், எப்டி இருக்கீங்க?” என்பார், கையேந்தி துஆ செய்வார், கண் கலங்குவார். சாபிரா உள்ளே போய் டீ போடுவாள். அவர் குடிப்பார். “பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். மாலைக்குள் பதினோரு பேர். பதினோரு டீ. ஒரு சொட்டுக்கூட அவளுக்கு இல்லை.

என் உள்ளே ஏதோ எழுந்து நின்றது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று ஊரெல்லாம் அலைந்தேனே. ஆள்தான் வாசலில் வரிசையாக வந்துகொண்டிருக்கிறதே.

மறுநாள் மேடத்திடம் கேட்டுக்கொண்டு காலை பஸ்ஸிலேயே ஆம்பூர் போனேன். வாசற்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். முதலில் வந்தவர் உஸ்மான் பாய். கரீம் பாயோடு ஒரே மேஜையில் நாற்பது வருஷம் தோல் பார்த்தவர். இவர் மறந்துபோனாலும் விடாமல் தினமும் வருகிற தோஸ்த்.

“பாத்துட்டுப் போறேன் சிஸ்டர்.”

“பாத்துட்டுப் போவ முடியாது பாய். இன்னைலேந்து இந்த வூட்ல ரூல் மாறிடுச்சி. வந்தா ஒரு மணி நேரம் உக்காரணும். டீ கெடையாது.”

“டீ கூடவா கெடையாது?”

“வேணும்னா நீங்க போடுங்க.”

“நான் ஆம்பள, எனக்கு இன்னா தெரியும்? படக்குனு எந்திரிச்சி ஓடினார்னா?”

“நீங்களும் கூட ஓடுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எனக்கே ஏதாவது ஆகிவிட்டதோ என்று யோசித்திருப்பார். ஆனால் உட்கார்ந்தார். நான் சாபிராவை உள் அறைக்கு அழைத்துப்போய்ப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன்.

பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. “சிஸ்டர், தம்ளரு எடது பக்கம் வெக்கணும்...”

“போய்ப் படு.”

மறுபடி பத்து நிமிஷம். “மூணு மணிக்குக் கஞ்சி...”

“சாபிரா!”

முதல் வாரம் முழுக்க இதே சண்டை. வந்தவர்களை உட்கார வைப்பது எளிதாக இருந்தது. அவளைப் படுக்க வைப்பதுதான் பெரும்பாடு. அழுதாள், என்மேல் எரிந்து விழுந்தாள். “எனக்கு இருக்கிறது இந்த ஒண்ணுதான் சிஸ்டர். இதயும் புடுங்கிடுவீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பர்வீன் உட்கார்ந்த முதல் நாள் கரீம் பாய் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அவள் முகமெல்லாம் கஞ்சி. “நான்தான் சொன்னேனே, எனக்குத் தெரியாதுன்னு!” என்று அழுதாள். துடைத்துக்கொண்டு, எரிச்சலில், யாரோ கொண்டுவந்த ரஸ்க்கைப் பிரித்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் போட்டுக்கொண்ட டீயில் நனைத்துத் தின்ன ஆரம்பித்தாள். கிழவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார். அவளும் நனைத்து நனைத்துக் கொடுத்தாள். ஆறு ரஸ்க்.

சாபிரா கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். தரையில், தவறான நேரத்தில், தவறான கையால், சுவரில் எழுதிய எதுவும் இல்லாமல். கிழவர் மீசையில் ரஸ்க் தூளோடு சிரித்தார்.

“தப்பு தப்பா செய்றா,” என்றாள் சாபிரா.

“ஆமா.”

“ஆனா துன்றாரு.”

நான் சமையலறைக்குப் போய், நானே எழுதிய தாளைச் சுவரிலிருந்து கிழித்தேன். அவள் தடுக்கவில்லை.

அந்த இடத்தில் பர்வீன் வேறொரு தாள் ஒட்டினாள். எல்லோரும் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் பழகியவர்கள். ஷிஃப்ட் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலை ஷிஃப்ட், மத்தியான ஷிஃப்ட், யார் வராவிட்டால் யார். ராத்திரிக்குப் பர்வீன் தன் படுக்கைப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சாபிராவின் கணவர்கூட, தங்கச்சியே வந்துவிட்டாளே என்ற வெட்கத்தில், நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

சாபிரா வேலூரில் சேர்ந்தாள். ரத்தம் ஏற்றினார்கள். ஆபரேஷன் அன்று காலை பச்சை அங்கி மாட்டி, வார்டை ஒட்டிய ஆபரேஷன் அறை வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்தாள். அப்போது வார்டு போன் அடித்தது. பர்வீன். நான் எடுத்தேன்.

“சிஸ்டர், வாப்பா போய்ட்டாரு! சங்கு ஊதினதும் கதவத் தொறந்துனு... உஸ்மான் பாயும் இல்ல!”

என் முகத்தை சாபிரா பார்த்துவிட்டாள். “மாமாவா?” என்று ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தாள். பொய் சொல்லலாம். ஏற்கெனவே அவளிடம் ஒரு பெரிய வார்த்தையை யோசிக்காமல் சொன்னவள் நான். இன்னொன்று சொல்ல மனம் வரவில்லை.

“வெளிய போயிருக்காரு. தேடறாங்க.”

அவள் காலைக் கீழே போட்டாள். நான் தோளைப் பிடித்தேன். தள்ளுவண்டிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் உள்ளிருந்து கூப்பிட்டார். அந்தக் கொஞ்ச நேரம் என் வேலைக்காலம் முழுவதையும்விட நீளம். மறுபடி போன் அடித்தது. இந்த முறை போனை இழுக்கும் மட்டும் இழுத்து அவள் காதில் வைத்தேன். பர்வீன் கத்தியது எனக்கும் கேட்டது.

“பாபி! வந்துட்டாரு! உஸ்மான் பாய் கூடவே போயிருக்காரு. ரெண்டு பேரும் டேனரி கேட்டு வரைக்கும் போய், வாட்ச்மேன் சலாம் வெச்சி, ‘இன்னிக்கு லோடு வரல பாய், நாளைக்கு வாங்க’ன்னு சொன்னாராம். சரின்னு திரும்பி வந்துட்டாங்க. இப்ப துன்றாரு!”

“இன்னா துன்றாரு?”

“ரஸ்க்கு.”

சாபிரா போனை என்னிடம் கொடுத்தாள். படுத்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். இரண்டு வருஷப் பழக்கத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “போலாம்ணா,” என்றாள் தள்ளுவண்டிக்காரரிடம். கதவு திறந்து மூடியது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பதினோராம் நாள் வீட்டுக்குப் போனாள். அந்தத் தாளைச் சுவரிலிருந்து யாரும் எடுக்கவில்லை. இன்னும் ஒரு பெயர் சேர்ந்தது, அவ்வளவுதான். நாளுக்கு ஒரு ஷிஃப்ட், சாபிரா. அதே முறையைப் பேரணாம்பட்டில், வாணியம்பாடியில், குடியாத்தத்தில் கொண்டுபோனோம். கிறிஸ்தவ வீடுகளில் ஜெபிக்க வந்தவர்களை உட்கார வைத்தோம். வேறு வீடுகளில் கோயில் பிரசாதத்தோடு வந்தவர்களை உட்கார வைத்தோம். எல்லா வீட்டிலும் பலிக்கவில்லை. சில வாசலில் என் ஸ்டூலையே தூக்கி எறிந்தார்கள். பலித்த வீடுகள் அதிகம்.

சில மாதம் கழித்து ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நிற்பவர்களுக்கென்று முதல் கூட்டம் வைத்தோம். மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பேச வேண்டியவள் சாபிரா. மைக் தயார், மேடையில் அவளுக்கு நாற்காலி தயார், முன்வரிசையில் பிரமிளா மேடம். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அவள் வரவில்லை. மறுபடி ரத்தமா? கிழவருக்கு ஏதாவதா? வாசலுக்கும் மேடைக்கும் நடந்தேன்.

பதினொன்றே காலுக்குப் பர்வீன் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“சாபிரா எங்க? இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல சிஸ்டர். பொண்ணு ஸ்கூல் லீவு. அமிர்தியில அருவில தண்ணி கொட்டுதாம். காலைலயே ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டாங்க. கூட்டம் இன்னிக்குன்னு பாபி மறந்தே போய்ட்டாங்க.”

“பாய்கிட்ட யாரு இருக்கா?”

“உஸ்மான் பாய். அவரு ஷிஃப்ட்டு.”

ஹால் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மேடையேறினேன், காலி நாற்காலியைக் காட்டினேன். “இங்க பேச வேண்டியவங்க அருவி பாக்கப் போய்ட்டாங்க,” என்றேன்.

முன்வரிசையில் ஒருவர் மட்டும் கைதட்டினார். பெரிய கடிகாரம் கட்டிய கை. அப்புறம் ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள்.